புடலங்காய்க்குப் பின்னின உறை

அன்பும் மரியாதையும் உள்ள என்ரை அவருக்கு,

நான் நல்ல சுகம். உங்கடை முழங்கால் நோ எப்பிடி? கரவெட்டியிலை மழையோ? லண்டனிலை குளிர் பெரிசா இல்லை, யோசியாதேங்கோ.

குசினி யன்னலோரம் நான் வைச்ச புடலங்கொடி ஒரேயொரு காய் காய்ச்சது. நேரா வளரட்டும் எண்டு, நீங்கள் தோட்டத்திலை செய்யிறமாதிரி நுனியிலை கல்லுக் கட்டிவிட்டன். வீட்டுக்கார மார்கரெட் அன்ரிக்குப் பொறுக்கேல்லை. "பாவம், அதுக்கு ஏன் இந்தத் தண்டனை?" எண்டு, நான் வேலைக்குப் போன நேரம் கல்லை அவிட்டுப்போட்டா. அதோடை விட்டாவோ? காய்க்குக் குளிருமெண்டு கம்பளி நூலிலை நீளமா ஒரு உறை பின்னிப் போட்டுவிட்டா. காய் ஆட்டுக்கொம்பு மாதிரி வளைஞ்சுபோச்சு.

வந்த கோவத்துக்கு அதைப் பிடுங்கிப் பால்கறி வைச்சிட்டன். அன்ரி இரண்டுதரம் போட்டுச் சாப்பிட்டிட்டு, "அடுத்த காய்க்குக் கல்லையும் கட்டு, உறையையும் போடுவம்" எண்டுறா.

பஸ் தரிப்பிலை நிண்டு எழுதுறன், பஸ் வரப்போகுது. புடலம் விதை கொஞ்சம் கெதியா அனுப்பிவிடுங்கோ. அந்த உறை என்ரை இடக்கைக்கு அளவா இருக்கு. இதை எழுதேக்கையும் போட்டிருக்கிறன். வலக்கைக்கு இன்னொரு காய் காய்க்கவேணும்.

உங்கடை,
உதயகலா