சத்தம் போன வண்டி

இன்று காலை வைட்ஃபீல்டுக்கு ஆபீஸ் போகும் வாடகைக் காரில், தொம்மலூர் மேம்பாலம் ஏறும்போது அந்தச் சத்தம் கேட்டது. டிரைவர் சீட் பெல்ட் போடவில்லை. டிங் டிங் என்று வண்டி விடாமல் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர் கதவிலிருந்த பையில் கைவிட்டு, பட்டையில்லாத வெறும் பெல்ட் கொக்கி ஒன்றை எடுத்துப் பூட்டில் செருகினார். சத்தம் நின்றது. நான் முன் சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன். சத்தம் கேட்டதற்கு அல்ல, நின்றதற்கு.

"பெல்ட் போட்டுக்கங்கண்ணா."

"ஏனூ ஆகல்ல சார், ஒண்ணும் ஆவாது. தினம் ஓட்டுற ரோடுதானே," என்றார்.

பாலம் இறங்குவதற்குள் நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாய்.

நீ இறந்து எட்டு மாதமாகிறது. லிங்கராஜபுரத்தில் உன் பட்டறை இருந்த இடத்தில் இப்போது மாவு அரைக்கிறார்கள். அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். ஒரே வகுப்பில் படித்து, ஞாயிறு தவறாமல் மாதா கோயிலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். நான் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனேன், நீ வண்டி ஒயரிங்குக்குப் போனாய். மற்ற மெக்கானிக்குகள் கைவிட்ட பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப்புகளெல்லாம் உன்னிடம்தான் வரும். ஸ்டீரிங்குக்குக் கீழே கேபிளைச் செருகி, லேப்டாப்பை பானெட் மேல் வைத்து, வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டரோடு நீ பேசுவதைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கும்.

என் வண்டியும் அப்படிப்பட்ட பழசுதான். பெல்ட் பூட்டுக்குள் இருந்த சுவிட்ச் செத்துப்போய், பெல்ட் போட்டிருந்தாலும் அது கத்திக்கொண்டே இருந்தது. அந்த மாடலுக்குப் புது பூட்டு எங்கேயும் கிடைக்கவில்லை. என் மகள் ஆன்சி பின் சீட்டில் காதைப் பொத்திக்கொண்டுதான் பள்ளிக்கு வருவாள். சத்தத்தை நிறுத்தித் தா என்று மூன்று முறை உன்னிடம் வந்தேன். இரண்டு முறை மறுத்தாய்.

மூன்றாம் முறை, "சத்தத்தைத்தான்டா எடுக்கறேன், பெல்ட்டை எடுக்கல. போடாம ஓட்டுனே, உதைப்பேன்," என்றாய்.

லேப்டாப் திரையில் வெறும் எண்கள்தான் ஓடின. எது எதற்கு என்று எழுதியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்து ஒரு எண்ணை மாற்றினாய். வண்டியைக் கிளப்பினேன். அமைதி. ஆன்சி கை தட்டினாள். நீயும் சிரித்தாய்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, ஜெசிந்தாவையும் ஆன்சியையும் கூட்டிக்கொண்டு நந்தி மலைக்குப் போனேன். அன்று காலை உன் பட்டறைக்கு அதே மாடல் வண்டி ஒன்று வந்திருக்கிறது. அதிலும் அதே எண்ணை மாற்றியிருக்கிறாய். பிறகு ஏதோ உறுத்தி, ஆயில் குறைந்தால் எச்சரிக்கிற, பிரேக் ஆயில் டப்பாவின் ஒயரைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறாய். விளக்கு எரிந்திருக்கிறது, மணி அடிக்கவில்லை. ஒரு சத்தத்தை நிறுத்துவதாக நினைத்து எல்லா எச்சரிக்கைச் சத்தத்தையும் நிறுத்திவிட்டோம் என்று அப்போதுதான் உனக்குத் தெரிந்தது. எனக்கு போன் மேல் போன் போட்டாய். போன் ஜெசிந்தாவின் பைக்குள் கிடந்தது. மலைக்குப் போகிறோம் என்று முந்தின நாளே உன்னிடம் சொல்லியிருந்தேன். பட்டறையைத் திறந்தபடியே விட்டுவிட்டு பைக்கில் கிளம்பினாய்.

நாங்கள் மலை இறங்கத் தொடங்கியிருந்தோம். மூன்றாவது வளைவில் பிரேக்கை மிதித்தேன். மிதி தரைவரை போனது. மறுபடி மிதித்தேன். காலுக்கடியில் எதுவுமே இல்லை. அந்த வெறுமையை என் கால் இன்னும் மறக்கவில்லை.

"என்னங்க, மெதுவா போங்க," என்றாள் ஜெசிந்தா.

இரண்டாவது கியர், முதல் கியர் என்று அறைந்து தள்ளினேன். எஞ்சின் அலறியது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துக்கொண்டே, பள்ளத்தின் பக்கம் போகாமல் பாறைப் பக்கமாகத் திருப்பினேன். வண்டி பாறையை உரசிக்கொண்டே போய், ஓரத்துக் கால்வாயில் சக்கரம் இறங்கி நின்றது. ஆன்சி அழவில்லை. அவள் அழாததுதான் என்னை நடுங்க வைத்தது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லாமல் அவள் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டேன். "அப்பா" என்ற பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து நீ வந்தாய். பைக்குக்கு ஸ்டாண்ட் கூடப் போடவில்லை, அப்படியே சாய்த்துவிட்டு ஓடி வந்தாய்.

"பாப்பா எங்கடா? பாப்பா எங்க?"

ஆன்சியின் தலையை, தோளை, கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாய். பிறகு தார் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாய். "நான்தான்டா. சத்தம் இருந்திருந்தா மேலயே நிறுத்தியிருப்பே. நான்தான் பண்ணேன்," என்று அழுதாய்.

பின் சக்கரத்துப் பிரேக் குழாய் துருப்பிடித்து ஒழுகியிருந்தது. அதற்கு நீ பொறுப்பில்லை என்று யார் சொன்னாலும் நீ கேட்கவில்லை. அடுத்த வாரமே, நீ சத்தம் நிறுத்திக் கொடுத்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டுத் திரும்ப மாற்றி வைத்தாய். வர மறுத்தவர்களின் வீட்டுக்கே லேப்டாப்போடு போனாய். சிலர் திட்டினார்கள், வாங்கிக்கொண்டாய். அதற்குப் பிறகு அந்த வேலையை நீ தொடவேயில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, புற்றுநோய் உன்னைப் பாதியாக்கியிருந்தது. அப்போதும், "அன்னைக்குப் பாப்பாவுக்கு எதாச்சும் ஆயிருந்தா..." என்று தொடங்கினாய்.

"விடுடா," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

இப்போது மிச்சத்தையும் சொல்கிறேன். அன்று மலை மேலே வண்டியைக் கிளப்பியபோதே அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் பார்த்தேன். ஜெசிந்தாவும் பார்த்து, "இது என்ன சிவப்பா?" என்று கேட்டாள். "ஹேண்ட் பிரேக் லைட்டு. பழைய வண்டின்னா அப்படித்தான்," என்று சொல்லிவிட்டு இறங்கினேன். சத்தம் போனாலும் வெளிச்சம் இருந்தது. நீ ரோட்டில் உட்கார்ந்து அழுதபோது சொல்ல வாய் வரவில்லை. பயம். ஜெசிந்தாவும் வாய் திறக்கவில்லை. சொல்லாமல் போன ஒவ்வொரு நாளும் சொல்வதை இன்னும் கடினமாக்கியது.

இன்று பாதி வழியில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். ஆபீஸ் போகவில்லை. உன் வீட்டுக்குப் போய் ஷீலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் மனைவி என்னைத் திட்டவில்லை.

"தூக்கத்துல 'வண்டிய நிறுத்துடா'ன்னு கத்துவாரு. எழுப்பி உட்கார வெச்சுத் தண்ணி குடுப்பேன். ரெண்டு வருசம். அவரு இருந்தப்பவே இத ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாண்ணே?"

வீட்டுக்கு நடந்தே வந்தேன். ரெண்டு வருசம் நீ போட்ட அந்தக் கூச்சலை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. இனி அது என் காதில் இருக்கும்.