டாக்டர் திருப்பிக் கொடுத்த காபி

பக்காவ், ருமேனியா,
அக்டோபர் 17

அன்பு மகள் மிரூனாவுக்கு,

இத்தாலியில், அந்த டூரின் நகரக் குளிரில் நீ கம்பளிச் சாக்ஸ் போட்டுக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதக் கை வராததால்தான் மூன்று வாரமாகப் பதில் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதே. போனில் சொல்லலாமென்றால் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதனால் சனிக்கிழமை உன் ஊருக்கு வேனில் போகும் பார்சலுக்குள் இதை வைக்கிறேன்.

அப்பாவின் ரத்தப் புற்றுநோய் பழைய மருந்துக்கு முன்போல அடங்கவில்லை கண்ணு. யாஷ் நகர ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒல்தியானு, ஒரு புது மருந்துச் சோதனை நடக்கிறது, விரும்பினால் சேரலாம் என்று இருபத்துமூன்று பக்கத் தாளைக் கொடுத்தார். சேருகிற எல்லோருக்கும் அடுத்த கட்ட வழக்கமான சிகிச்சை உண்டாம், அதற்கு மேல் பாதிப் பேருக்குப் புது மருந்து, மீதிப் பேருக்கு அதே மாதிரிப் பையில் வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்குமாம், நமக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் நாணயத்தைச் சுண்டிக் காட்டிக் கணக்குச் சொல்லித் தருகிறவள் நான், நாலு தடவை படித்தும் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

உன் ப்ளோரிகா அத்தை ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். 'நீயெல்லாம் படிச்சு என்னத்தக் கிழிச்ச? டாக்டருக்குத் தெரியாம ஆஸ்பத்திரியில ஈ பறக்குமா? நல்ல காபிப் பொட்டலம் ரெண்டு, நம்ம வீட்டு பிளம் சாராயம் ஒரு பாட்டில், கையில வெச்சு அமுக்கு, எங்கண்ணன் பேரு மருந்துப் பக்கம் தானா வந்து நிக்கும்' என்றாள். பல் பிடுங்கப் போனாலும் பையோடு போகிற ஊர் இது, பதினெட்டு வயதில் உன்னைப் பெறப் போனபோது நானும் அப்படித்தான் போனேன். அப்பாவை வெளியே உட்கார வைத்துவிட்டு, எப்படியாவது நல்ல பக்கம் விழும்படி பாருங்கள் என்று பையை மேசைக்கடியில் தள்ளினேன். அந்த அம்மா அதைக் காலால் என் பக்கமே தள்ளிவிட்டு, 'நீங்க பசு மாட்டையே ஓட்டிட்டு வந்தாலும் முடியாதும்மா, எனக்கே தெரியாது. தெரிஞ்சா அவரைப் பாக்குற என் கண்ணே மாறிடும்' என்றார். நான் அழுதேன். பிறகு அவர் மெதுவாக, 'புதுசுதான் நல்லதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா? அது தெரிஞ்சிருந்தா சீட்டு எதுக்கு, எல்லாருக்குமே கொடுத்துடுவோமே. கெடுதல் பண்ணினாலும் பண்ணும். அதைத் தெரிஞ்சுக்கத்தான் இவ்வளவும்' என்றார். அப்படியானால் நான் எந்தப் பக்கத்துக்காகக் காபியைத் தூக்கிக்கொண்டு போனேன், மிரூனா? வீடு வரும்வரை பஸ்ஸில் இதையேதான் யோசித்தேன், இன்னும் விளங்கவில்லை.

காபி கொண்டுபோனதை அப்பாவிடம் ஒப்புக்கொண்டபோது விழுந்து விழுந்து சிரித்தார். திங்கட்கிழமை திரும்பப் போனோம், நடுவில் விலகலாமா என்று ஒரே கேள்விதான் கேட்டார். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதற்காக வைத்தியம் நிற்காது என்றார்கள். உடனே கையெழுத்துப் போட்டுவிட்டு, 'எந்தப் பையா இருந்தா என்ன, அடிக்கடி கூப்பிட்டு உக்கார வெச்சு என்னை முழுசாப் பாப்பாங்கல்ல? இவளும்தான் பாக்குறா, பாத்ததும் அழுதுடுறா' என்று டாக்டரிடமே என்னைக் கேலி செய்தார்.

வருகிற புதன்கிழமை சீட்டு. போனில் அவரிடம் எந்த மருந்து ஏறுகிறது என்று துருவாதே, சாப்பிட்டாரா என்று மட்டும் கேள். பார்சலில் கத்தரிக்காய்த் தொக்கு நாலு பாட்டில், அப்புறம் அந்தக் காபிப் பொட்டலங்கள், நீயே குடி. சாராயத்தை அத்தை திருப்பி வாங்கிக்கொண்டாள்.

கடவுள் உன்னைக் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கோயிலுக்குப் போ. எந்தச் சீட்டு விழ வேண்டும் என்று கடவுளிடம் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை, நீயும் கேட்காதே. மெழுகுவர்த்தியை மட்டும், இறந்தவர்களுக்கு ஏற்றுகிற பக்கம் வைத்துவிடாமல், உயிரோடிருப்பவர்கள் பக்கம் ஏற்றி வை. அந்தப் பக்கத்தில் எனக்குக் குழப்பம் இல்லை.

உன் அம்மா,
லாவினியா