டிக்கெட் கொடுக்கிறவர்

மார்ச் 3, செவ்வாய்

தங்கை எடுத்த படத்தை இன்றுதான் முதலிலிருந்து கடைசிவரை சேர்த்துப் பார்த்தேன். நாளை அவளிடம் சொல்ல வேண்டியவை, வரிசையாக:

1. தொடக்கம் நீளம். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணி சுழல்வதை இவ்வளவு நேரம் பார்க்க வேண்டியதில்லை.
2. மூத்த மகன் ஒரே விஷயத்தை இரண்டு முறை சொல்கிறான்.
3. கடைசிக் காட்சி வேண்டாம். மகன்களை விட்டுக் கிளம்பும் அந்தத் தாய் வீட்டுக் கதவைச் சாத்துவதோடு கதை முடிந்துவிடுகிறது. படகுத்துறைக்குப் போய் டிக்கெட் வாங்குவதெல்லாம் அதிகம்.
4. மூன்றாவதற்கும், அந்தக் காட்சியில் டிக்கெட் கொடுக்கிறவராக நான் உட்கார்ந்திருப்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. (இதை அவளிடம் சொல்ல வேண்டியதில்லை. எனக்காக எழுதிக்கொள்கிறேன்.)

இதையெல்லாம் சொல்ல நான் யார்? வானிலை நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்தப் படத்தில் கண்டினியூட்டி பார்த்தேன். சட்டைக் கை மடிப்பு, கடிகார முள், தம்ளரில் தண்ணீர் எவ்வளவு – இவை காட்சிக்குக் காட்சி மாறாமல் இருக்கின்றனவா என்று கவனிக்கும் வேலை. கருத்துச் சொல்லும் வேலை இல்லை.

மார்ச் 4, புதன்

முதல் இரண்டையும் சொன்னேன். உடனே ஒப்புக்கொண்டாள். மூன்றாவதற்கு வந்தபோது தண்ணீர் கேட்டேன், குடித்தேன், வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

இதை நம்பி அவளுக்கு எவ்வளவு இருக்கிறது என்பதை நினைத்தால் பயமாக இருக்கிறது. முதல் படம் எடுப்பவர்களுக்காக இந்த வட்டாரத்தில் தொடங்கிய திட்டம் இது. சிறிய தொகைதான், படப்பிடிப்பு முழுவதும் வட்டாரத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். விண்ணப்பித்தவர்களில் மூன்று பேருக்குக் கிடைத்தது. ‘வளரும் படைப்பாளிகள்’ என்று அழைக்கிறார்கள். தங்கைக்கு அறுபத்தொன்று. எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். நேர்முகத்தில் தயங்கித் தயங்கி வயதைக் கேட்டார்களாம். “முட்டியைத் தவிர மத்ததெல்லாம் இன்னும் வளருதுங்க” என்றாளாம்.

மூன்று படங்களில் இரண்டுக்குத்தான் ஒலிச்சேர்ப்புக்கு உதவியும் திரையரங்கில் வெளியீடும் கிடைக்கும். எந்த இரண்டு என்பதை, பொதுமக்களுக்குப் போட்டுக் காட்டிய பிறகு திட்டத்தின் ஆலோசகர் அம்மா முடிவு செய்வார். மூன்றாவது படம் யார் வீட்டு அலமாரியிலாவது கிடக்கும்.

அப்படியிருக்க, எனக்குத் தோன்றியதைச் சொல்லாமல் இருப்பது துரோகம் அல்லவா? சொல்லித்தான் ஆக வேண்டும். நாளை.

மார்ச் 7, சனி

சொல்லிவிட்டேன்.

எடிட்டர் வீட்டுப் பின்னறை. வெளிச்சம் வராமல் ஜன்னலில் கம்பளி தொங்குகிறது. தங்கை நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

“அண்ணே, நீ ஒண்ண வேணாம்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. ‘மழை பெய்யலாம், பெய்யாமலும் போகலாம்’னு எழுதியே காலம் பூரா சம்பளம் வாங்குன ஆளு நீ. நீயே வேணாங்கிறியா?”

“எனக்குப் படுது. தப்பாவும் இருக்கலாம்.”

“இந்தா, ஆரம்பிச்சிட்டே.” எடிட்டர் பக்கம் திரும்பினாள். “தம்பி, அதத் தூக்கிரு.”

“அக்கா, ஒரு நாள் யோசிச்சு–”

“தூக்குன்னேன்ல.”

அவள் சண்டை போடுவாள் என்று நினைத்திருந்தேன். என்னென்ன கேட்பாள், என்னென்ன பதில் சொல்வது என்று எழுதிக்கூட வைத்திருந்தேன். அவள் எதுவும் கேட்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். எழுதி வைத்த பதில்கள் இன்னும் சட்டைப்பையிலேயே இருக்கின்றன.

மார்ச் 8, ஞாயிறு

மனைவியிடம் சொன்னேன். “அந்தக் காட்சியில உங்க மூஞ்சி வருதுல்ல?” என்றாள். அது காரணமே இல்லை என்றேன்.

“ஆமாமா. கல்யாணப் போட்டோவையே பீரோவுக்குள்ள பூட்டி வச்சிருக்கிற ஆளு நீங்க.”

பேச்சை மாற்றிவிட்டேன்.

படப்பிடிப்பு அன்று டிக்கெட் கொடுக்கிறவராக நடிக்க வேண்டியவர் வரவில்லை. படகுத்துறையில் எங்களுக்கு அனுமதி ஒரு காலைப்பொழுதுக்கு மட்டும். தங்கை என் தோளைப் பிடித்துத் தள்ளி டிக்கெட் கூண்டுக்குள் உட்கார வைத்தாள். திரையில் பார்த்தால் காது இரண்டும் கதவு திறந்த மாதிரி நிற்கின்றன. பேசும்போது குரல்வளை ஏறி இறங்குகிறது.

ஆனால் காரணம் அது இல்லை.

மார்ச் 13, வெள்ளி

நாளை நூலகத்து மாடியில் திரையிடல். சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 14, சனி

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

நாற்பது பேர் இருக்கலாம். சலவைக்கூடக் காட்சியில் சிரித்தார்கள். இரண்டு மகன்களும் ‘நீ பாத்துக்கோ, நீ பாத்துக்கோ’ என்று தாயைப் பந்தாடும் இடத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கதவு சாத்தப்பட்டது. திரை இருண்டது. யாரும் எழவில்லை. காத்திருந்தார்கள்.

முன்வரிசையில் கடைப்பையோடு வந்திருந்த ஓர் அம்மாள்தான் கேட்டாள்: “முடிஞ்சிருச்சா?”

முடிந்துவிட்டது என்றார் ஆலோசகர்.

“கதவச் சாத்துனா வீட்ட விட்டே போயிட்டாள்னு அர்த்தமா? நானுந்தான் கோவத்துல தினம் கதவச் சாத்துறேன். சாயங்காலம் நானே போய்த் திறக்கிறேன்.”

கூடம் சிரித்தது. ஆலோசகர் சிரிக்காமல் ஏதோ குறித்துக்கொண்டார். தங்கை மைக்கைப் பிடித்தபடி நின்றாள். ‘அண்ணன் சொல்லித்தான்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் பக்கம் பார்க்கக்கூட இல்லை. என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

எழுந்தேன். முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

“இன்னொரு காட்சி இருக்குங்க. நான் சொல்லித்தான் தூக்கிட்டாங்க.”

“ஏன் சார்?” என்றார் ஆலோசகர்.

“அதுல டிக்கெட் கொடுக்கிறவரு... சரியில்லைங்க.”

“யாரு அவரு?”

“நான்தாங்க.”

வெடித்துச் சிரித்தார்கள். வாழ்நாள் முழுக்க நான் பயந்தது இதற்குத்தான். வந்தது, காது சுட்டது, போய்விட்டது. அவ்வளவுதானா?

“அதப் போடுங்க சார், நாங்க பாத்துச் சொல்றோம்” என்றாள் கடைப்பை அம்மாள். எடிட்டர் மடிக்கணினியில் அதை அழிக்காமல் வைத்திருந்தான்.

படகுத்துறை. கூண்டு. என் காது. “போறதுக்கு மட்டுமா? திரும்பி வர்றதுக்கும் சேர்த்தா?” என்று என் நடுங்கும் குரல் கேட்கிறது. திரையில் அந்தத் தாய் பதில் சொல்லாமல் நிற்கிறாள். கூடத்தில் இருமல்கூட இல்லை. “போறதுக்கு மட்டும்” என்கிறாள். எனக்குப் பின்னால் ஒருவர் பெருமூச்சு விட்டார்.

காதை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி நடந்து வரும்போது தங்கை தெருமுனையில் நின்றாள்.

“ஏண்ணே, உன் காதுக்காகவா என் படத்த வெட்டுனே?”

“மன்னிச்சிடு பாப்பா.”

“காதப் பிடிச்சுத் திருகணும்போல இருக்கு. பிடிக்கத் தோதாத்தான் இருக்கு.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, முட்டி வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

மார்ச் 21, சனி

இன்னும் தகவல் இல்லை.

மார்ச் 27, வெள்ளி

இரண்டில் ஒன்று நம்முடையது! தங்கை போனில் சொன்னாள். சொன்னாள் என்ன, கத்தினாள். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள்.

ஏப்ரல் 2, வியாழன்

இன்று ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். படகின் சத்தம் என் குரல்மேல் ஏறிவிட்டதாம்; அந்த ஒரு வரியை மறுபடி சொல்ல வேண்டுமாம். கண்ணாடி அறைக்குள் நின்றேன். எதிரே திரையில் என் முகம். குனிந்துகொண்டு சொன்னால் உதடு பொருந்தாது என்றார் ஒலிப்பதிவாளர். நிமிர்ந்து பார்த்துக்கொண்டே சொன்னேன். மூன்றாவது தடவை சரியாக வந்தது.

வீட்டுக்கு வந்து மார்ச் 3 அன்று எழுதியதைப் புரட்டினேன். முதல் இரண்டும் சரி. மூன்றாவதைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் வாதாடலாம். கதவோடு முடிவதும் ஒரு முடிவுதான்.

நான்காவது தவறு.