ஒரு மங்கள வார்த்தை நேரம்

04.03.2025, செவ்வாய்

இடது காலில் ஐந்து விநாடி. வலது காலில் பன்னிரண்டு.

நாற்பத்தொரு வயதில் என்னை ஆஸ்பத்திரிச் சுவரோரம் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நிற்க வைத்துவிட்டார்கள். நிற்க வைத்தவர் பவதாரணி மிஸ், பிசியோதெரபி பார்க்கிறவர். போனைப் பிடித்துக்கொண்டு விநாடி எண்ணினார். முழங்கால் நோவுக்கு மருந்து கேட்டுப் போனவனுக்குக் கிடைத்தது மூன்று பயிற்சியும் ஒரு தாளும். எத்தனை விநாடி நின்றேன், எத்தனை தரம் விழுந்தேன், நோ பத்துக்கு எத்தனை என்று தினமும் அதில் நிரப்ப வேண்டுமாம்.

"செவ்வாய்க்குச் செவ்வாய் வாங்கோ. ஒரு மாசம் விடாமல் பதினைஞ்சு விநாடி வந்தாத்தான் உங்களை விடுவன் அண்ணை," என்றார்.

எப்படி வந்தது என்று கேட்டார். வள்ளத்தில் வழுக்கி விழுந்தேன் என்றேன். வலைத்தொழில் என்றும் சொன்னேன். கடலட்டை பொறுக்கக் காற்றுச் சிலிண்டர் போட்டுக் கடலடிக்கு இறங்குகிறவன் என்று சொன்னால் முதல் வேலையாகக் கடலைத்தான் நிற்பாட்டுவார். கடலை நிற்பாட்டினால் பிறகு நான் என்ன செய்வது, சுவரோரம் நிற்பதா?

அந்தத் தாளில் எழுத முடியாததை இந்தக் கொப்பியில் எழுதுகிறேன். என் கையெழுத்து சுகந்திக்கு விளங்காது. அதுவும் நல்லதுதான்.

05.03, திருநீற்றுப் புதன்

வீட்டில் விநாடி எண்ணுவது என் மனுசி சுகந்தி. அவளுக்குப் போன் வேண்டாம். மாதாவுக்குச் சொல்கிற மங்கள வார்த்தைச் செபம் ஒன்றை நிதானமாகச் சொல்லி முடிக்கப் பதினைந்து விநாடி எடுக்கிறது, பார்த்துவிட்டோம். "அப்ப உங்களுக்கு ஒரு மங்கள வார்த்தை நேரம் நிண்டாக் காணும்," என்றாள். பாதிச் செபத்தில் நான் குசினி யன்னல் கம்பியைப் பிடித்தேன். "மாதாவை நடுவழியிலை விட்டிட்டியள்," என்று சிரித்தாள்.

கிணற்றடியில் நடந்ததை அவளுக்குச் சொல்லவில்லை. முகம் கழுவக் கண்ணை மூடினேன். மூடியதும் நிலம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கயிற்றைப் பிடித்திராவிட்டால் கிணற்றுக் கட்டில் மண்டை அடித்திருக்கும். கண்ணைத் திறந்தால் ஒன்றுமில்லை, நேராகத்தான் நிற்கிறேன்.

கண்ணை மூடினால் மட்டும் ஏன்?

07.03, வெள்ளி

கோயிலில் சிலுவைப்பாதை. பதினான்கு தலத்திலும் முழந்தாளிட்டு எழும்ப வேண்டும். மூன்றாம் தலத்தில் ஆண்டவர் சிலுவையோடு விழுந்தார். ஏழாம் தலத்தில் ஆண்டவரும் விழுந்தார், நானும் விழுந்தேன். பின்வரிசை வாங்கில் இருந்த மாக்கிறேற் அக்கா கைகொடுத்து எழுப்பினார். எழுப்பும்போது என் வாயை மோந்து பார்த்தார். நாளைக்கு எங்கள் நாரந்தனை ஊர் முழுக்க அன்ரனிதாஸ் தவக்காலத்திலும் குடிக்கிறான் என்று கதை போயிருக்கும். குடித்திருந்தால் பரவாயில்லை. விழுந்ததற்குக் காரணம் ஒன்று இருந்திருக்கும்.

10.03, திங்கள்

இன்றைக்கு இறங்கினோம். வள்ளம் சில்வெஸ்ரர் மச்சானுடையது, சுகந்தியின் அண்ணன். பதினைந்து வருடமாக நாங்கள் இருவரும்தான் சோடி.

எட்டுப் பாகம் ஆழம், எட்டு ஆள் உயரம். ஆறாவது பாகத்திலேயே முழங்கால் நோ இல்லை. கொஞ்ச நாளாக இருந்த தோள்மூட்டு நோவும் இல்லை. சுவிச்சை நிற்பாட்டியது போல நின்றுவிட்டது. கீழே மணலில் அட்டை பொறுக்கும்போது எனக்கு இருபது வயது.

மேலே வந்து சொன்னேன். சில்வெஸ்ரர் ஆச்சரியப்படவில்லை. "அது காத்துப் பிடிச்சது மச்சான். கீழை பிடிச்சதைக் கீழை கொண்டுபோய்த்தான் விடோணும். நோ வந்தா ஒருக்கா இறங்கும், சரியாயிடும். என்ரை தோளை நான் அப்பிடித்தானே மாத்தினனான்."

மாற்றிச் சுகமாக்கினாரா? அவருடைய வலது கை தோளுக்கு மேலே போகாது. சட்டை போடும்போது மற்றக் கையால் அதைத் தூக்கி விடுவார். வருடக்கணக்காகப் பார்க்கிறேன், எழுதும்போதுதான் யோசிக்கிறேன்.

பின்னேரம் இடது காலில் முழு மங்கள வார்த்தையும் நின்றேன், ஆமென் வரை. சுகந்தி கை தட்டினாள்.

11.03, செவ்வாய்

கிளினிக். பதினேழு விநாடி. "வீட்டிலை ஒழுங்காச் செய்யிறியள் போலை," என்று மிஸ் சந்தோசப்பட்டார். கொப்பி அடித்துப் பாஸானவன் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு வந்தேன்.

13.03

நாலு.

14.03

அதே நாலு. நோ இப்போது முழங்காலில் மட்டும் இல்லை. இடுப்பைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கினது போல ஒன்று. இருமினால் இன்னும் இறுகுகிறது.

18.03, செவ்வாய்

திங்கள் இறங்குவது, செவ்வாய் கிளினிக் போவது. என் வைத்தியம் இப்போது இதுதான். இன்றைக்குப் பதினாறு விநாடி. மிஸ்ஸின் தாளில் நல்ல எண்களாக ஏறுகின்றன. வியாழன், வெள்ளி எண்களை நானே கொஞ்சம் கூட்டி எழுதிவிடுகிறேன்.

ஆனால் நேற்று எட்டுப் பாகம் போதவில்லை. பத்தில்தான் நோ விட்டது.

26.03, புதன்

திங்கள் பன்னிரண்டு பாகம். நேற்று மிஸ் முன்னால் சரியாகப் பதினைந்து. இன்று காலை இரண்டு.

சுகம் ஒரு நாள்கூட நிற்கவில்லை.

30.03, ஞாயிறு

பூசை முடியப் பங்குச் சுவாமி கூப்பிட்டார். பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேரில் ஒருவனாக என்னைப் போட்டிருக்கிறாராம். "குடிக்கிறனான் எண்டு கதைக்கிறாங்கள் சுவாமி," என்றேன். "அதுக்காகத்தான் கூப்பிடுறன்," என்றார்.

முன்வரிசை வாங்கிலிருந்து பீடம் வரை பத்துப் பன்னிரண்டு எட்டு வைக்க வேண்டும். படி இரண்டு. ஊரே பார்க்கும். நான் நேராக நடந்துபோய், யாரையும் பிடிக்காமல் கதிரையில் இருந்துவிட்டு, நேராகத் திரும்பி வர வேண்டும். வேறொன்றும் வேண்டாம் எனக்கு. சுகந்தி இன்றைக்கே வெள்ளைச் சட்டையை எடுத்து நீலம் போட்டுக் காயவிட்டாள். பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

03.04, வியாழன்

கடையிலிருந்து ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தேன். சுகந்தி வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மற்றதை எங்கை மறந்தனீங்கள், பள்ளிக்கூடப் பெடியன் மாதிரி."

நானும் சிரித்தேன். திரும்பிப் போய்த் தேடினேன். இடதுகால் செருப்பு கடைக்குப் பக்கத்திலேயே, தார் றோட்டில் கிடந்தது. பத்தரை மணி வெயில். அவ்வளவு தூரமும் அந்தத் தாரில் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன்.

08.04, செவ்வாய்

மிஸ் இன்றைக்கு ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லவில்லை. கட்டிலில் படுக்க வைத்துப் பஞ்சால் பாதத்தைத் தொட்டார். தொடும்போது சொல்ல வேண்டும். நான் பார்த்துப் பார்த்து "ஓம், ஓம்" என்றேன். பிறகு கண்ணை மூடச் சொன்னார். மூடினேன், முழுக்க மூடவில்லை. இமைக்கு அடியால் அவருடைய முழங்கை அசைவதைப் பார்த்து "ஓம்" சொன்னேன். கடைசியில் அவர் முழங்கையை அசைத்தார், தொடவில்லை. நான் "ஓம்" என்றேன்.

பஞ்சைக் கீழே வைத்தார். பிறகு கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டார்.

"அண்ணை, நீங்கள் சிலிண்டர் போட்டு இறங்குறனீங்களோ?"

"இல்லை மிஸ்."

"இறங்கினா இறங்கினதெண்டு சொல்லுங்கோ. நான் ஒருத்தரிட்டையும் சொல்லப் போறேல்லை. உங்கடை காலுக்காகத்தான் கேக்கிறன்."

"இல்லை மிஸ். வலைதான்."

யாழ்ப்பாணத்து டொக்டருக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தார். இந்தக் கிழமையே போகச் சொன்னார். பயிற்சிகளை நிற்பாட்டச் சொன்னார். கடிதத்தை அலுமாரியில், வெள்ளைச் சட்டைக்கு அடியில் வைத்திருக்கிறேன். பாஸ்காத் திருநாள் முடியப் போவேன். பத்துப் பன்னிரண்டு நாளில் என்ன வந்துவிடப் போகிறது?

ஏன் இல்லை என்று சொன்னேன்? அந்தப் பிள்ளை கதிரையை இழுத்துப் போட்டுக் கேட்டதே.

16.04, புதன்

இரண்டு தரம் இறங்கினேன். பதினாலு பாகம். முதல் தரம் நோ முழுக்க விடவில்லை, அதனால் திரும்பவும். சில்வெஸ்ரர் "காணும் மச்சான், ஏறும்," என்று கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தார். நாளைக்கு நடக்க வேண்டுமே.

ஏறினபிறகு பத்து நிமிசம் வள்ளத்துக்குள் படுத்திருந்தேன். வானம் சுற்றியது. பிறகு நின்றுவிட்டது. வீட்டில் மங்கள வார்த்தை முழுதும் நின்றேன்.

17.04, பெரிய வியாழன்

நடந்தேன். முன்வாங்கிலிருந்து பீடம் வரை நேராக நடந்தேன். மாக்கிறேற் அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். படி இரண்டையும் ஏறினேன். கதிரையில் இருந்தேன். உள்ளுக்குள் எவ்வளவு சந்தோசம் என்று எழுதத் தெரியவில்லை.

சுவாமி ஒவ்வொருவராகக் கழுவிக்கொண்டு வந்தார். எனக்கு முன்னால் முழந்தாளிட்டார். நான் பீடத்துக்கு மேலே சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தைப் பார்த்துக்கொண்டு, தண்ணீர் படும் என்று காத்துக்கொண்டிருந்தேன். படவில்லை. ஏன் பிந்துகிறார் என்று குனிந்து பார்த்தேன். அவர் என் காலைத் துவாயால் துடைத்துக்கொண்டிருந்தார். தட்டில் தண்ணீர் கிடந்தது. கழுவி முடிந்திருந்தது.

குனிந்து முத்தமிட்டார். அதையும் கண்ணால்தான் கண்டேன்.

திரும்பி வரும்போது காலைப் பார்த்துப் பார்த்து வைத்தேன். ஊர் அதைத் தாழ்மை என்று நினைத்திருக்கும். "எவ்வளவு பக்தியாக் குனிஞ்சு வந்தனீங்கள்," என்று சுகந்தி கண் கலங்கச் சொன்னாள்.

காலையிலிருந்து மூத்திரமும் போகவில்லை. முட்டுகிறது, வரவில்லை.

18.04, பெரிய வெள்ளி

ஏலாமல் கிடக்கு. இடுப்புக்குக் கீழை எல்லாம் வேறை ஆரோ ஒருத்தற்றை கால் மாதிரி. நோ மட்டும் என்ரை. கம்பியைப் பிடிச்சும் நிக்க ஏலாது. சுகந்தி செபம் தொடங்க முதலே விழுந்தன். அவள் சிரிக்கேல்லை.

சில்வெஸ்ரரைக் கூப்பிட்டு, இப்பவே கொண்டுபோய் இறக்கும் எண்டு கேட்டன். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டன்.

"பெரிய வெள்ளி மச்சான். இண்டைக்கு ஆர் கடல் தொடுறது? ஒரு வள்ளமும் இறங்கேல்லை. ஒரு நாள் பொறும். நாளைக்கு விடிய நானே உம்மைத் தூக்கிக்கொண்டு போறன்."

சுகந்தி அலுமாரியில் கடிதத்தைக் கண்டெடுத்துவிட்டாள். இங்கிலிஷ். "என்ன இது, என்ன எழுதிக் கிடக்கு?" என்று கேட்டாள். வெயிலில் நிற்கக் கூடாதாம் என்றேன்.

கடிதத்தோடு இன்றைக்கே யாழ்ப்பாணம் போகலாம். வாகனம் பிடித்தால் ஒரு மணித்தியாலம். எனக்குத் தெரியும். ஆனால் போய் எதைச் சொல்வது? எதிலிருந்து தொடங்குவது?

19.04, சனி

விடிய ஐந்து மணி. கடல் நல்லாகக் கிடக்கிறதாம். மச்சான் வாசலில் நிற்கிறார்.

06.05, செவ்வாய்

கொப்பியைச் சுகந்தி கொண்டுவந்து தந்தாள். படுத்தபடிதான் எழுதுகிறேன். எழுத்து சரியாக வராது.

கீழே போனேன். கீழே நோ விட்டது. கால்கூட அசைந்த மாதிரி இருந்தது, அல்லது தண்ணீர் அசைத்ததோ தெரியாது. மேலே வந்தபோது இடுப்புக்குக் கீழே ஒன்றும் வரவில்லை. சில்வெஸ்ரர் வள்ளத்துக்குள் இழுத்துப் போட்டார். யாழ்ப்பாணம், பிறகு அங்கிருந்து திருகோணமலை. அங்கே ஆளைப் படுக்க வைத்துக் காற்றழுத்தம் ஏற்றுகிற இரும்பு அறை ஒன்று இருக்கிறது, பெரிய சிலிண்டர் மாதிரி. எட்டு நாள் உள்ளே வைத்து வைத்து எடுத்தார்கள். கீழே கொண்டுபோக வேண்டும் என்று சில்வெஸ்ரர் சொன்னது பிழையில்லையாம். கொண்டுபோக வேண்டியது இந்த அறைக்குள்ளாம், கடலுக்குள் இல்லையாம். கடலில் ஒவ்வொரு தரமும் நான் இரத்தத்துக்குள் இன்னும் காற்றை ஏற்றிக்கொண்டுதான் வந்திருக்கிறேன், மேலே வர அது குமிழியாகி நரம்பை அடைக்குமாம். முதல் விழுந்த நாளில் வந்திருந்தால், என்று அந்த டொக்டர் தொடங்கினார். முடிக்கவில்லை.

இப்போது எங்கள் ஆஸ்பத்திரியிலேயே வாட்டில் இருக்கிறேன். பவதாரணி மிஸ் வந்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. இந்தக் கொப்பியைக் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார், பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து வாசித்தார். ஏப்ரல் எட்டாம் திகதிப் பக்கத்தைத் திரும்பவும் வாசித்தார்.

"நான் இன்னொருக்காக் கேட்டிருக்கோணும்," என்றார்.

அழுகை வந்துவிட்டது எனக்கு. அவர் இரண்டு தரம் கேட்டவர்.

08.05, வியாழன்

சில்வெஸ்ரர் பார்க்க வந்தார். தோடம்பழம் கொண்டுவந்தார். கட்டிலோரம் இருந்தவர் எழும்பும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கட்டிலின் கம்பியைப் பிடித்து எழும்பினார்.

"எப்ப தொடக்கம்?" என்று கேட்டேன்.

"சும்மா ஒரு நோ மச்சான். இரண்டு மூண்டு நாள்தான்."

எல்லாம் சொன்னேன். இரும்பு அறை, டொக்டர் சொன்னது, எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினாலு என்று நான் போனது. மிஸ் பக்கத்து வாட்டில்தான் இருக்கிறார், இப்பவே போய்க் காட்டும் என்றேன். கொப்பியை நீட்டினேன். வாசித்துப் பாரும் என்றேன். அவர் வாங்கி, இரண்டு பக்கம் புரட்டி, தோடம்பழத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஓம் மச்சான். காட்டுவம்," என்றார். யன்னலால் வெளியே பார்த்தார். "காத்து ஒண்டும் இல்லை என்ன, நல்ல நாள்."

09.05, வெள்ளி

இன்றைக்கு முதல் தரம் மிஸ் என்னை நிமிர்த்திக் கட்டில் விளிம்பில் இருத்தினார். கையால் ஒன்றையும் பிடிக்கக் கூடாது. சுகந்தி முன்னால் நின்று செபம் சொன்னாள். முதல் வரி முடிய முதலே சரிந்துவிட்டேன், மிஸ் தோளில் பிடித்தார். தாளில் நானே எழுதினேன், கூட்டாமல். மூன்று விநாடி.

உன் அண்ணன் ஏன் வரவில்லை என்று சுகந்தியைக் கேட்டேன். விடிய வள்ளத்தைக் கொண்டு போய்விட்டாராம். இரண்டு சிலிண்டர் ஏற்றினதைக் கண்டாளாம்.