சாய்ந்த வெயிலில் தேறிய கூரை

மார்ச் 11, ஃப்ரெஸ்னோ

இன்று எங்கள் கம்பெனியின் பழுப்புக் கூரைப்பூச்சை அளந்தேன். விழும் வெயிலில் நூற்றுக்கு நாற்பது பங்கைத் திருப்பி அனுப்பினால்தான், தங்கை ஷுஷான் குடிபோகும் அடுக்குமாடிக்கு இதை எடுப்பார்கள். கணக்குப் போடும் கணினியிலோ தேர்ந்தெடுக்க இரண்டு வெயில் இருக்கிறது. ஒன்று, சாய்ந்த சூரியனின் நேர்க்கதிர் மட்டும். அதில் கண்ணுக்குத் தெரியாத வெப்பக்கதிர் கூடுதல். எங்கள் பூச்சு கெட்டிக்காரத்தனமாகத் திருப்பி அனுப்புவதும் அந்தக் கதிரைத்தான். அந்தக் கணக்கில் நாற்பத்திரண்டு. மற்றது, தெளிந்த நடுப்பகலில் வானம் முழுவதிலிருந்தும் கூரைமேல் விழுவது. அதில் முப்பத்தாறு. எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்கிறது விதி. என்ன பெருந்தன்மை.

மார்ச் 12

முதலாளி வென்டல் வந்து நின்றார். "நைரி, ஒரு கிளிக்தானேம்மா. அதுவும் வெயில்தானே?"

"கூரை வேகறது நடுப்பகல்லதாங்க."

முப்பத்தாறு என்றே கையெழுத்திட்டேன். வேலை போய்விடுமோ? பயமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 30

வேலை போகவில்லை. ஆர்டர் போயிற்று. போட்டிக் கம்பெனியின் பழுப்பு சாய்ந்த வெயிலில் நாற்பத்தொன்று காட்டியதாம்; ஷுஷான் மாடிக்கு இனி அதுதான். நேர்மையாக இருந்து நான் என்ன கிழித்தேன்?

ஜூலை 19

நூற்றுப் பத்து டிகிரி. ஷுஷான் மேல்மாடியில், இரண்டு மாதக் குழந்தையோடு. ஏசி ஓய்வதே இல்லை, அறையும் ஆறுவதில்லை.

"குழந்தை முதுகெல்லாம் வேர்க்குருக்கா. கீழ வாசல்ல குளிர்ச்சிக் கூரைன்னு போர்டு வேற."

என்ன சொல்வேன் அவளிடம் — உன் கூரைக்கு வேறு சூரியன் என்றா?

ஆகஸ்ட் 2

வென்டலுக்கு நடுப்பகல்மேல் திடீர்க் காதல். "நீ எடுக்கமாட்டேன்ன வெயில் எவனுக்கும் உதவக்கூடாது. சாக்ரமென்டோல விதி போடற கமிட்டி கூடுது, நீ போய்ப் பேசு."

கொள்கைப் பிடிப்பு என்றால் இதுவல்லவா. போகிறேன்.

செப்டம்பர் 17

பேசினேன். போட்டிக் கம்பெனிக்காரர் எழுந்தார். "அப்ப இதுவரைக்கும் போட்ட கூரையெல்லாம் பொய்யா?"

"உண்மைதாங்க. வெயில் தாழ்ந்ததுக்கு அப்புறம்."

சிரித்தார்கள். பிறகு கமிட்டிக்காரர்கள் கைதூக்கினார்கள்: ஆதரவு ஒன்பது, எதிர்ப்பு ஆறு. இனி நடுப்பகல் வெயில் மட்டுமே. கழிப்பறைக்குப் போய் அழுதேன். எதற்கு? தெரியவில்லை.

செப்டம்பர் 21

விதி வந்துவிட்டது. ஜனவரிக்குப் பின் போடும் கூரைகளுக்கு மட்டும். ஏற்கெனவே தேறியது தேறியதுதானாம். ஷுஷானும் குழந்தையும் வியாழன் முதல் இங்கேதான். தொட்டிலை என் அறையில் போட்டிருக்கிறோம்.