ஷோபியின் ஒரிஜினல்கள்

ஜூலை 7, திங்கள்

விடியலிலிருந்தே சாரல். துணி ஒன்றும் காயவில்லை. மகள் ஷோபியின் நர்ஸ் யூனிபார்மை இஸ்திரி போட்டே காயவைத்தேன்.

கேஸ் புக் செய்யணும். கருங்கல் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு, நெத்திலி மீன். அப்புறம் கல்லூரி அட்டவணை.

அட்டவணை, என் பழக்கப்படி நடுவில் கோடு போட்டு. இடப்பக்கம் வடக்கே உள்ள பெரிய ஆஸ்பத்திரிக் கல்லூரி: காத்திருப்போர் பட்டியலில் மகள் மூன்றாவது. வலப்பக்கம் மலையடிவாரத்துப் புதுக் கல்லூரி: சீட் உறுதி. இரண்டிலும் அதே இரண்டு வருஷ நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு.

பக்கத்து வீட்டு மேரி: "நாலு வருஷமா ஐ.சி.யூ.ல நர்ஸாத்தானே நிக்கா? இன்னும் என்னத்துக்குப் படிப்பு, டீச்சர்?"

வகுப்பு லீடரை உதாரணம் சொன்னேன். சத்தம் போடுகிறவன் பேரை போர்டில் எழுதலாம், அவ்வளவுதான். அடக்க டீச்சர் வரணும். ஷோபி இப்போது லீடர்; இந்தப் படிப்பு முடித்தால் அவசரத்தில் தானே சிகிச்சை தொடங்கலாம். போன மாசம் ஒருவருக்கு மூச்சுத் திணறல். என்ன செய்யணும் என்று இவளுக்குத் தெரியும். டாக்டர் வர இருபது நிமிஷம். "பாத்துக்கிட்டே நின்னேம்மா."

ஜூலை 8, செவ்வாய்

மழை. வாசலில் ராஜன். ஏழாம் வகுப்பில் என் மாணவன். புதுக் கல்லூரியில் இப்போது அட்மிஷன் வேலையாம். "டீச்சர் அடிச்ச அடியிலதான் என் எழுத்து நல்லாச்சு." பழம்பொரி மூன்று தின்றான்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைத் தந்தால் இன்றே சீட் பதிவு என்றான். ஷோபி டூட்டியில், போன் எடுக்கவில்லை. கொடுத்துவிட்டேன். பத்து, பன்னிரண்டு, நர்சிங் பட்டம், கவுன்சில் பதிவு. ரசீது கேட்டதும் உட்கார்ந்து எழுதினான். என்ன எழுத்து! கோடில்லாத தாளில் நூல் பிடித்த மாதிரி. மனசு குளிர்ந்துபோச்சு.

சாயங்காலம் ஷோபி: "காலேஜைக் கண்ணால பாக்காம குடுத்தியளா?"

"நம்ம ராஜன்தாம்ட்டி."

ஜூலை 10, வியாழன்

ஷோபிக்கு லீவு. புதுக் கல்லூரிக்கு இரண்டு பஸ் மாறிப் போனோம். மலை தெரியவில்லை, மேகம்.

ராஜன் வெளியே போயிருக்கிறானாம். கல்லூரி ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ.வில் பன்னிரண்டு கட்டில். சுத்தம். ரொம்பச் சுத்தம். மானிட்டர்களின் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றவில்லை. அடுத்த வார்டில் நோயாளிகள் வரிசையாக, எல்லோருக்கும் ஒரே நீலப் போர்வை. ஒரு அம்மாள் செருப்போடு படுத்திருந்தார். ஷோபி நாடி பிடித்தாள்.

"என்ன செய்யிது உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணுமில்ல மக்கா. என்னமோ இன்ஸ்பெக்சனாம். கடியப்பட்டணத்துலருந்து வேன்ல கொண்டாந்தாவ. மத்தியானம் பிரியாணி உண்டு. நீயும் படுக்க வந்தியா?"

அடுத்த கட்டில்கள் எல்லாம் சிரித்தன.

ஆபீசில் ஒரிஜினல் கேட்டோம். "ராஜன் வரட்டும்."

திரும்பும் பஸ்ஸில் ஷோபி: "ஒண்ணுமில்லாதவங்களப் பாத்துப் படிச்சிட்டு, மூச்சு முட்டுறவங்கள நான் எப்பிடிம்மா தொட?"

ஜூலை 11, வெள்ளி

ராஜன் போன் அணைந்தே கிடக்கிறது. 9.10, 9.40, 11.00. பல் டாக்டரிடம் போக மறந்தேன்.

முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளிடம் சொன்னேன், ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதே, நகல் கொடு என்று.

2 மணி. வடக்கே உள்ள கல்லூரியிலிருந்து அழைப்பு. பட்டியலில் முன்னால் இருந்த இருவரும் வரவில்லை. சீட் ஷோபிக்கு. திங்கள் காலை பத்துக்குள் ஒரிஜினலோடு நிற்கணும். இல்லையென்றால் நாலாமவருக்கு.

"வந்திருவேன் சார்" என்றாள். போனை வைத்துவிட்டு ராஜன் நம்பரை அவளே அழுத்தினாள். திட்டியிருக்கலாம்.

ஜூலை 12, சனி

மழை இல்லை. காற்றும் இல்லை. முதல் பஸ்ஸில் மறுபடி மலையடிவாரம்.

வார்டில் ஆள் இல்லை. நீலப் போர்வைகள் மடித்து அடுக்கியிருந்தன.

ஆபீஸ்காரர்: "ராஜனா? அவரு வேலைய விட்டு நின்னாச்சே. நாங்க யாருகிட்டயும் ஒரிஜினல் வாங்கலியே. ரசீது உண்டுமா?"

கொடுத்தேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கல்லூரிப் பெயர் இல்லை. முத்திரை இல்லை. கையெழுத்துகூட இல்லை. அன்றைக்கு நான் இதில் எழுத்தைத் தவிர எதைப் பார்த்தேன்?

"இத யாரு எழுதினதுன்னு எப்பிடிம்மா தெரியும்?"

"எனக்குத் தெரியும்" என்றேன்.

நாளை ஞாயிறு. திங்கள் பத்து மணிக்கு வடக்கே ஒரிஜினல் வேணும்.