இரண்டு பெயர்ப்பலகைகள்

கிளாங்,
12 மே 1986

அன்புள்ள புனிதம்,

நேற்று பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் இரண்டு சங்கங்களும் கையெழுத்துப் போட்டன. இனி அந்த ஓராங் அஸ்லி பழங்குடியினர் வாழும் கம்பத்தில் உன் ஓராசிரியர் பள்ளியை இருவரும் சேர்ந்து நடத்துவார்களாம். பலகையில் யார் பெயர் மேலே என்பதற்கே இரண்டு மணி நேரம் போனது.

"மொதல்ல அங்க போனது நாங்க லா," என்றார் ஒரு தலைவர்.

"கூரை போட்டது யாரு பாஸ்?" என்றார் மற்றவர். அந்தக் கூரை ஒழுகுவதை யாரும் சொல்லவில்லை. கடைசியில் இரண்டு பலகை என்று முடிவானது.

நான் எழுந்து, "டீச்சருக்கு எட்டு மாசம். பிரசவத்துக்கு வந்துட்டா அங்க யாரு பாடம் நடத்துறது?" என்றேன்.

"அடுத்த மீட்டிங்ல பாப்போம் தம்பி," என்றார்கள் இருவரும்.

மாற்று ஆள் வராமல் பள்ளியைப் பூட்டமாட்டேன் என்று எழுதியிருந்தாய். சரி. இன்று ஷா ஆலம் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டேன். சனிக்கிழமை பலகைகளோடு லோரியில் வருகிறேன். அதே லோரியில் நீ உன் அம்மா வீட்டுக்குப் போய்விடு.

பலகைகள் தகரம். கூரை ஒழுகும் இடத்தில் அடித்துவிடுகிறேன்.

நம் பிள்ளை பிறந்ததும் லோரிக்காரரிடம் சொல்லி அனுப்பு. யார் சாயல் என்பதையும்.

இப்படிக்கு,
உன் மாற்று ஆசிரியன்